கேஸ் உலைக்கு லைனிங்: ஃபைபர், கேஸ்டபிள், சிர்கான்

இரும்பைக் காய்ச்சி அடிக்கக் கேஸ் உலை கட்டுகிறவர்கள் பர்னருக்காகப் பல நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். உள்சுவரை, அதாவது லைனிங்கை, ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் சூடு தடுக்கும் செராமிக் ஃபைபர் விரிப்பு பிய்ந்து தொங்கும், தரையில் கண்ணாடியாக இறுகிய பள்ளம் விழும், சுவரில் சில்லுகள் பெயரும். சரக்கு மட்டம், சூடு தாங்கவில்லை என்று பழி கடைக்காரர் மேல் போகும். சூட்டினால் மட்டும் லைனிங் கெட்டுப்போவது குறைவு. கத்தி, அரிவாள் அடிக்கிற உலை பெரும்பாலும் 1,150 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண ஃபைபரே 1,260 டிகிரி வகை. லைனிங்கைக் கெடுப்பவை இரண்டு: பூசும்போது உள்ளே தங்கிவிடும் தண்ணீர், இரும்பை ஒட்டும் வேலையில் மேலே தூவி, உருகிச் சொட்டும் வெண்காரம் (போராக்ஸ்). எந்த அடுக்குக்கு மேல் எது வர வேண்டும், எவ்வளவு மெதுவாக உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

அளவு

கணக்குக்கு ஓர் உலையை எடுத்துக்கொள்வோம். 3 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டை உருட்டிச் செய்த கூடு. உள்விட்டம் 250 மி.மீ., நீளம் 300 மி.மீ. உள்ளே 25 மி.மீ. ஃபைபர் இரண்டு சுற்று. மிச்சம் 150 மி.மீ. விட்டம். அதன்மேல் 12 மி.மீ. கேஸ்டபிள் (தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசும், தீ தாங்கும் சிமெண்ட் கலவை), பட்டறைக் கணக்கில் 4 நூல். கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ 125 மி.மீ. விட்டமுள்ள அறை, கொள்ளளவு 3.7 லிட்டர் அளவில் இருக்கும். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் முக்கால் இஞ்ச் வென்ச்சுரி பர்னர் ஒன்று இதற்குத் தாராளமாகப் போதும்.

கூட்டின் இரண்டு வாயிலும் உள்பக்கமாக 15 மி.மீ. அகலத்தில் பட்டை வளையம் ஒன்றை வெல்டிங் செய்துவிடுங்கள். கேஸ்டபிள் முன்னால் நகராமல் அது பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை நான்கு போடுங்கள். எதற்கென்று உலர்த்தும் இடத்தில் தெரியும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது, வெல்டிங் சூட்டில் எழும் அதன் புகை காய்ச்சலில் தள்ளும். பழைய சமையல் சிலிண்டரை வெட்டிக் கூடாக்கும் வேலையும் வேண்டாம்: உள்ளே தங்கிய வாயு ஒரு பக்கம், சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து என்பது இன்னொரு பக்கம்.

கல்லா, ஃபைபரா

முதலில் நினைவுக்கு வருவது ஐ.எஸ்.-8 தீச்செங்கல். 230 × 115 × 75 மி.மீ. அளவுள்ள ஒரு கல் 4 கிலோ இருக்கும். இந்த அளவு உலைக்குப் பத்துக் கல் என்றாலே 40 கிலோ. வேலைச் சூட்டுக்கு வருவதற்குமுன் அந்த 40 கிலோவையும் நீங்கள்தான் காசு கொடுத்துச் சூடாக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு சுற்று ஃபைபரின் மொத்த எடை 1.2 கிலோ. நாள் முழுக்க அணையாமல் எரியும் உலைக்குக் கல் பொருந்தும். மாலையில் இரண்டு மணி நேரம் பற்றவைப்பவருக்கு அது கேஸ் குடிக்கும் பூதம்.

கே-23, கே-26 என்று விற்கும் இலேசான இன்சுலேஷன் கல் நடுவழி. சூட்டை நன்றாகத் தடுக்கும், ரம்பத்தாலேயே அறுக்கலாம். ஆனால் திடீர்ச் சூட்டிலும் குளிரிலும் விரிசல் விடும். வெண்காரம் பட்டால் ஓட்டை விழும். உலை வாயை மூடும் கதவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தால் மாற்றுவது எளிது.

ஃபைபர் வாங்கும்போது மூன்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 1260, 128 டென்சிட்டி, 25 எம்.எம். கன மீட்டருக்கு 96 கிலோ அடர்த்தியுள்ளதும் வரும். விலை குறைவு, ஆனால் தொய்யும், கேஸ்டபிளைச் சுமக்காது. ரோல் 610 மி.மீ. அகலமும் 7.3 மீட்டர் நீளமுமாக வரும், எடை 14 கிலோவை ஒட்டி இருக்கும். இந்த உலைக்கு ஒரு மீட்டர் வெட்டித் தந்தால் போதும். 1,260 என்பது அந்த வகைக்குக் கொடுத்த அடையாள எண். தினசரி ஓட்டத்துக்கு 1,100 முதல் 1,150 வரைதான் அதை நம்பலாம். அதற்குமேல் நாளடைவில் சுருங்கி, இணைப்புகள் வாய் திறக்கும். இரும்போடு இரும்பை உலையிலேயே ஒட்டும் வேலை உண்டென்றால், அதற்கு 1,250 டிகிரிக்கு மேல் வேண்டும். அப்போது உள்சுற்றை மட்டும் சிர்கோனியா கலந்த 1,425 வகையில் போடுங்கள். ‘முன்னால்தான் கேஸ்டபிள் இருக்கிறதே’ என்று நினைக்க வேண்டாம். 12 மி.மீ. அடர்ந்த கேஸ்டபிள் சூட்டைத் தடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதன் முதுகுக்கும் முகத்துக்கும் வித்தியாசம் 40, 50 டிகிரிதான். அடி, உராய்வு, வெண்காரம், தூசி ஆகியவற்றைத் தடுப்பதே அதன் வேலை.

கேஸ்டபிள் 60 சதவீதம் அல்லது அதற்குமேல் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) உள்ளதாக, 1,500 டிகிரிக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். ‘லோ சிமெண்ட்’ வகை தரத்தில் உயர்ந்தது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அது மிகக் குறைந்த தண்ணீரில் வைப்ரேட்டர் போட்டு அச்சில் இறக்க வேண்டிய சரக்கு, கையால் பூச வராது. சாதாரண வகையையே கேளுங்கள். இன்சுலேட்டிங் கேஸ்டபிள் என்பது வேறு பொருள்: இலேசானது, மென்மையானது, முகத்தில் பூச ஆகாது. பொடியில் உள்ள பெரிய குறுணையைப் போல மூன்று மடங்காவது பூச்சின் தடிமன் இருக்க வேண்டும். 12 மி.மீ. பூச்சுக்கு 3, 4 மி.மீ.க்கு மேற்பட்ட குறுணை ஆகாது. பெரியதைச் சலித்து எடுத்துவிடலாமே என்றால், சிமெண்ட் விகிதம் ஏறிச் சுருக்கமும் விரிசலும் கூடும். இரண்டொரு கல் கிடந்தால் பொறுக்கலாம், மொத்தமாகச் சலிக்காதீர்கள். மூட்டையின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த சரக்கு, அதுவும் மழைக்காலம் தாண்டியது, கட்டி கட்டியாக இருந்தால் வேண்டாம். சுவர், வாய், தரைப் பலகை எல்லாம் சேர்த்து 7 கிலோ போதும். மூட்டையோ 25 கிலோ. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது நல்லது. மிஞ்சியதைக் காற்றுப் புகாத வாளியில் மூடி வைத்தாலும் நெடுநாள் நிற்காது.

ஃபைபரை விறைப்பேற்றக் கொலாய்டல் சிலிக்கா (நுண்ணிய சிலிக்காத் துகள் கலந்த நீர்), 30 சதவீதக் கரைசல், ஒரு லிட்டர். கடைசிப் பூச்சுக்குச் சிர்கான் மாவு அரைக் கிலோ. இரண்டும் நுண்வார்ப்புப் பட்டறைகள் அன்றாடம் கரைக்கிற பொருள்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிச் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சிர்கான் நம் கடற்கரை மணலிலேயே இருக்கும் கனிமம், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கிறார்கள்.

போடக்கூடாதவை

பாரிஸ் சாந்தும் (ஜிப்சத்திலிருந்து வரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மணலும் கலந்து வாளியில் ஊற்றும் செய்முறை இணையத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அலுமினியம் உருக்க நாலு நாள் ஓடும். இரும்புச் சூட்டில் ஜிப்சம் சிதையத் தொடங்கும், கந்தக வாடை வரும், சுவர் மாவாக உதிரும். வீடு கட்டும் சிமெண்டும் ஆகாது. அதில் உள்ள சுண்ணாம்புச் சேர்மம் 450 டிகிரிக்கு மேல் தண்ணீரை இழந்து, ஆறியபின் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும். கூடவே மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். ஆற்றுக் கல்லும் கான்கிரீட் துண்டும் உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும். வாட்டர் கிளாஸ் எனப்படும் சோடியம் சிலிக்கேட்டைக் கொலாய்டல் சிலிக்காவுக்குப் பதிலாகச் சிலர் சொல்வார்கள். அதிலுள்ள சோடியம் ஃபைபரின் உருகுநிலையை இறக்கிவிடும். நெருப்பு படும் முகத்தில் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, தகடு இன்னும் பழைய சாமான் கடைகளில் தட்டுப்படும். கையாலும் தொட வேண்டாம்.

கரி உலை வேறு கதை. அங்கே நெருப்பு கரிக்குள்தான் இருக்கிறது, சுவர் அதைத் தாங்கும் தொட்டி மட்டுமே. ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு சலித்த செங்கல் பொடி, கைப்பிடிக் கணக்கில் உமி. புளித்த மாவுப் பதத்தில் பிசைந்து ஓர் இஞ்ச் அப்பி நிழலில் உலர்த்தினால் போதும். உமி கருகி விட்டுச்செல்லும் துளைகள் ஆவிக்கு வழி கொடுக்கும், சாம்பலின் சிலிக்கா மிச்சம் நிற்கும். பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் கிடைத்த, அந்தக் காலத்தில் உருக்கு செய்த மண்குடுவைகளான மூசைகளின் மண்ணிலும் இந்த உமித்தடம் உண்டு. இதே கலவையைக் கேஸ் உலையில் பூசினால், சுடரின் வேகத்தில் சீக்கிரம் அரிக்கும்.

தூசி

இதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செராமிக் ஃபைபர், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் வைத்த பொருள். 1,000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட்ட ஃபைபரில் கிரிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்காவும் உருவாகும். அதன் தூசி அதே முகமையின் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், இருக்கிறது. ஆகவே புது ஃபைபரை வெட்டும்போதைவிடப் பழைய லைனிங்கைப் பிய்க்கும்போது ஆபத்து கூடுதல். துணி முகமூடி பயன்படாது. குறைந்தது என்-95, முடிந்தால் பி-100 வடிகட்டி போட்ட அரைமுகக் கவசம். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி. வெளியில் வைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கூர்க்கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கத்தரியால் நறுக்கினால் தூசி கூடும். விளக்குமாறு, டேபிள் ஃபேன் இரண்டும் கூடாது. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். அன்றைய உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

ஃபைபர் சுற்றுதல்

முதல் சுற்றுக்கு 810 × 275 மி.மீ., இரண்டாவதற்கு 650 × 275 மி.மீ. கூட்டின் உட்சுற்றளவு 785, முதல் சுற்றுக்குள் 628. அந்த 20, 25 மி.மீ. அதிகம் வேண்டுமென்றே விட்டது. முனைகள் இரண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, பசையோ கம்பியோ இல்லாமல் சுற்று தானாக நிற்கும். அளவுக்குச் சரியாக வெட்டினால் முதல் சூட்டிலேயே இணைப்பு விலகி, அந்த வரியில் கூட்டின் சாயம் கருகும். அகலத்தில் 25 குறைத்ததற்குக் காரணம், இரண்டு வாயிலும் 12 மி.மீ. வீதம் கேஸ்டபிள் மடங்கி ஃபைபரின் ஓரத்தை மூட வேண்டும். கம்பி இழுத்து இழுத்து முதலில் பிய்வது அந்த ஓரம்தான்.

வெளிச்சுற்றின் இணைப்பு இடப்பக்கம் வந்தால் உள்சுற்றின் இணைப்பு வலப்பக்கம் வரட்டும். பர்னர் ஊதும் இடத்திலும் தரையிலும் இணைப்பு வேண்டாம்.

பர்னர் வழியை இப்போதே வெட்டுங்கள். பர்னர் நுழையக் கூட்டில் முன்பே வெல்டிங் செய்த குழல் வழியாகக் கத்தியை இறக்கி, உள்ளே போகப் போக விரியும் புனல் வடிவில் ஃபைபரை அரிய வேண்டும். பர்னரின் மூக்கு உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சூடான முகத்திலிருந்து 10, 12 மி.மீ. உள்வாங்கி நிற்கட்டும். நீட்டினால் மூக்கு செக்கச் செவேலென்று காய்ந்து, கேஸ் குழலுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். குழல் நடுமையத்தைக் குறிவைக்காமல் கொஞ்சம் சாய்ந்திருந்தால் சுடர் சுவரை ஒட்டிச் சுழலும். எதிர்ச்சுவரில் ஒரே இடத்தில் குத்தாது.

விறைப்பேற்றுதல்

30 சதவீதக் கொலாய்டல் சிலிக்காவை அதே அளவு தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு சேர்ந்தால் கரைசல் நாளடைவில் ஜெல்லாகத் திரியும், ஆர்.ஓ. அல்லது பேட்டரித் தண்ணீர் போதும். கெட்டியாகத் தெளித்தால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே பஞ்சாகவே இருக்கும். அந்தத் தோல் பிறகு கேஸ்டபிளோடு சேர்ந்து அப்பளமாகப் பெயரும். நீர்க்க இருந்தால் 8, 10 மி.மீ. ஆழம் இறங்கும். சமையல் நிறப்பொடி ஒரு சிட்டிகை கலந்துவிட்டால் எங்கே பட்டது, எங்கே விட்டது என்று தெரியும். நிறம் முதல் சூட்டில் எரிந்துவிடும்.

முதல் சுற்றை வைத்ததும் ஒரு தெளிப்பு, இரண்டாவது சுற்றை வைத்தபின் இரண்டு தெளிப்பு. சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம். பர்னர் வழியின் சுவரையும் விட்டுவிடாதீர்கள். கரைசல் லேசான காரத்தன்மை உள்ளது, தோலை வறட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் காற்றில் உலரவிட்டு, பர்னரை ஒவ்வொரு நிமிடமாக இரண்டு மூன்று தரம் பற்றவைத்து அணையுங்கள். விரலால் தட்டினால் அட்டைபோல் ஒலிக்க வேண்டும். இன்னும் மெத்தென்று அமுங்கினால் மறுபடி ஒரு தெளிப்பு.

கேஸ்டபிள் பூச்சு

இங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். விறைத்த ஃபைபர் தண்ணீர் குடிக்கும் பொருள். காய்ந்த சுவரில் பூசினால் கலவையில் உள்ள தண்ணீரை அது உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் இராது. மறுநாள் பூச்சு கெட்டியாகத் தெரியும், நகத்தால் கீறினால் மாவாக வரும். பூசுவதற்குச் சற்று முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். பூசப் பூச அடுத்த பகுதியைத் தெளித்துக்கொண்டே போங்கள்.

கொத்தனார் வேலைக்குப் போன சட்டியில் கலக்காதீர்கள். ஒட்டியிருக்கும் சாதாரண சிமெண்டும் சுண்ணாம்பும் கேஸ்டபிளின் கால்சியம் அலுமினேட் சிமெண்டோடு சேர்ந்தால் சில நிமிடத்தில் கல்லாகிவிடும். தேய்த்துக் கழுவிய பிளாஸ்டிக் டப், சுத்தமான கரணை, குடிக்கிற தண்ணீர்.

மூட்டையில் தண்ணீர் விகிதம் அச்சிட்டிருக்கும், அதை மீற வேண்டாம். கையால் பூசும் சாதாரண வகைக்குப் பெரும்பாலும் எடையில் 10 சதவீதத்தை ஒட்டி வரும். ஒரு தடவைக்கு 2 கிலோ பொடி மட்டும் எடுங்கள், 170 மி.லி. ஊற்றிப் பிசைந்து, பிறகு 10, 10 மி.லி.யாகச் சேருங்கள். பதம் பார்க்க எளிய வழி உண்டு: கலவையை ஆரஞ்சு அளவில் உருட்டி ஓர் அடி உயரம் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். சிதறினால் தண்ணீர் போதாது. விரல் சந்தில் வழிந்தால் கூடிவிட்டது. லேசாகத் தட்டையாகி உருண்டையாகவே நின்றால் சரி. வேலை எளிதாகட்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு கூடுதல் சொட்டும் பிறகு ஆவியாகி வெளியே போக வேண்டியதுதான். அது விட்டுப்போகும் இடம் துளையும் விரிசலும். கலந்தால் 20, 30 நிமிடம் கை ஓடும். சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. நிழலில், காலை வேளையில், குளிர்ந்த தண்ணீரில் கலக்குங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டுத் திரும்பப் பிசையக் கூடாது, தூக்கி எறிந்துவிடுங்கள்.

உலையைப் படுக்கவைத்து முதலில் கீழ்ப்பாதி. கையளவு கட்டிகளாக எடுத்து, ஒன்றோடொன்று கலக்கும்படி கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அப்புங்கள். கரணையால் இழுத்துப் பூசினால் பின்னால் காற்று தங்கும். 12 மி.மீ. குறியிட்ட ஆணி ஒன்றைக் குத்திக் குத்தித் தடிமன் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் முக்கியம், மெலிந்த இடமும் தடித்த இடமும் சேரும் வரியில்தான் விரிசல் ஓடும். வாயில் மடித்து வளையம்வரை கொண்டுவாருங்கள். கீழ்ப்பாதி இறுக ஏழெட்டு மணி நேரம் ஈரச்சாக்கு போட்டு மூடி, பிறகு கூட்டைப் புரட்டி மறுபாதி. கூரையில் அண்ணாந்து அப்பிய கேஸ்டபிள் பெரும்பாலும் கையோடு வந்துவிடும், அந்த வீரம் வேண்டாம். பழைய விளிம்பைக் கரணையால் சொரசொரப்பாக்கி நனைத்துச் சேருங்கள்.

பர்னர் வழிக்கு எண்ணெய் தடவிய பி.வி.சி. குழாய்த் துண்டை அச்சாக வைத்துச் சுற்றிலும் அப்பி, பாதி இறுகியதும் திருகி எடுத்துவிடலாம். பர்னரைவிட 2 மி.மீ. பெரிய அச்சாக இருக்கட்டும். பர்னரையே வைத்துப் பூசினால் சூட்டில் குழல் விரிந்து வழியை உடைக்கும்.

மிச்சக் கலவையில் 90 × 140 × 15 மி.மீ. பலகை இரண்டை மர அச்சில் வார்த்துவிடுங்கள். உலையின் தரைமேல் ஒட்டாமல் சும்மா வைக்கும் பலகைகள் அவை. வெண்காரம் தின்பதற்கென்றே வைப்பது.

உலர்த்துதல்

பூசி முடித்ததும் 24 மணி நேரம் ஈரச்சாக்கும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும். இந்தச் சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். காற்றில் விட்டால் மேல்தோல் உதிரியாகும். அதன்பின் மூடாமல் நிழலில் இரண்டு நாள், மழைக்காலமென்றால் கூடுதலாக.

அடுத்து 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பீங்கான் ஹோல்டரில் போட்டு உள்ளே வைத்து, வாயைத் துண்டு ஃபைபரால் முக்கால்வாசி மூடி, ஒரு நாள் முழுக்க எரியவிடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஈர உலைக்குள் மின்சாரம் போகிறது, இ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள், கூட்டைத் தொடாதீர்கள். வாயருகே எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்: ஆவி படிந்தால் தண்ணீர் இன்னும் வருகிறது என்று பொருள்.

தட்டில் ஆவி படிவது நின்றபிறகே கேஸ். சும்மா தங்கிய தண்ணீர் 100 டிகிரியில் போய்விடும். சிமெண்டோடு பிணைந்த தண்ணீர் 200 முதல் 400 டிகிரிக்குள்தான் வெளியேறும். அவசரப்பட்டு ஏற்றினால் ஆவி போக வழியில்லாமல் ‘டப்’பென்று சில்லு பெயர்த்துக்கொண்டு வரும். வென்ச்சுரி பர்னரை மிகக் குறைத்து எரிக்கவும் முடியாது, சுடர் உள்வாங்கிவிடும். ஆகவே விட்டு விட்டு எரிக்க வேண்டும்: ஒரு நிமிடம் எரியவிட்டுப் பத்து நிமிடம் அணைப்பு, இப்படி ஆறு தரம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. உள்முகம் மங்கலான சிவப்புக்கு வந்ததும் அரைமணி நேரம் அதே நிலையில் நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். மறுநாள் ஆரஞ்சு நிறம் வரை போகலாம்.

தண்ணீர் முன்னால் மட்டும் வருவதில்லை. பாதி பின்னால் போய், குளிர்ந்த இரும்புக் கூட்டில் படிந்து ஃபைபரில் ஊறி நிற்கும். அடியில் போட்ட துளைகளில் சொட்டுவது அதுதான். துளை இல்லாத கூட்டில் அந்த ஈரம் வாரக்கணக்கில் கிடந்து, ஒவ்வொரு முறையும் உலை சூடேற நேரமெடுக்கும், உள்பக்கம் துருவும் ஏறும். கூட்டின் எல்லாப் பக்கமும் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்று போகும் வரை ஒருமுறையாவது எரித்துவிடுங்கள். நன்றாக உலர்ந்த உலையின் கூடு, வேலைச் சூட்டில் 200 டிகிரியை ஒட்டிப் போகும். சாதாரண எனாமல் நிற்காது, சிலிக்கோன் கலந்த சூடு தாங்கும் சாயம் அடியுங்கள்.

இவ்வளவும் திறந்த கொட்டகையில்தான். உலை வாயில் மஞ்சள் நாக்கு நீட்டினால் கார்பன் மோனாக்சைடு வருகிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரைப்பள்ளத்தில், மூடிய அறையில் தேங்கும். 14.2 கிலோ சமையல் சிலிண்டரும் அதன் ரெகுலேட்டரும் இந்தப் பர்னருக்குப் பொருந்தாது. வணிகச் சிலிண்டர், அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ஹை-பிரஷர் ரெகுலேட்டர், அதற்கான குழாய்.

சிர்கான் பூச்சு

485 கிராம் சிர்கான் மாவு, 15 கிராம் பெண்டோனைட் என்ற களிமண். பெண்டோனைட்டை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் சிர்கானைச் சேர்த்து, தோசை மாவுக்குச் சற்று நீர்க்கக் கரையுங்கள். சிர்கான் கனம், அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். தூரிகையைத் தொடும்போதெல்லாம் கலக்குங்கள். நனைத்த சுவரில் இரண்டு கை, இடையில் உலரவிட்டு. இரண்டும் சேர்ந்து 1 மி.மீ. தாண்டக் கூடாது, தடித்தால் செதிளாக உரியும். தரைப் பலகைகளுக்கும் மேற்பக்கம் பூசுங்கள். பிறகு அதே பல்பு, அதே விட்டு விட்டு எரிப்பு. ஆனால் அரை நாளில் முடிந்துவிடும்.

விற்பனையில் இந்த வகைப் பூச்சுகளுக்குச் சூட்டைத் திருப்பி அனுப்பும் என்று பெரிய விளம்பரம் உண்டு. கேஸ் பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேஸ்டபிளின் நுண்துளைகளை அடைப்பது, மிச்ச ஃபைபர் தூசியைப் பூட்டுவது, வெண்காரம் ஊடுருவுவதைத் தாமதப்படுத்துவது: இந்த மூன்றுக்கே அது கொடுத்த காசுக்குத் தகும்.

வெண்காரம் 743 டிகிரியில் உருகும். உருகியதும் சிலிக்காவையும் அலுமினாவையும் தன்னுள் கரைத்துக் கண்ணாடியாக்கும். ஃபைபர் மெல்லிய இழைகளால் ஆனதால் பரப்பு அதிகம், ஒரு சொட்டு விழுந்த இடத்தில் இஞ்ச் ஆழத்துக்கு உருகி இறங்கிவிடும். கேஸ்டபிளைத் தின்னவும் செய்யும், மெதுவாக. கழற்றி மாற்றும் பலகை அதனால்தான் வேண்டும். ஒட்டுவேலை அதிகம் செய்கிறவர்கள், பீங்கான் சூளைக்கு விற்கும் உயர் அலுமினாத் தட்டை அறுத்துப் போட்டுக்கொள்ளலாம். விலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும்.

பழுது

முதல் சில சூட்டில் மயிரிழை விரிசல் வரும். அது இயல்பு, சூட்டில் மூடிக்கொள்ளும், தொட வேண்டாம். 2, 3 மி.மீ. வாய் திறந்தவற்றைக் கீறிச் சுத்தப்படுத்தி, நனைத்து, 1 மி.மீ. சல்லடையில் சலித்த கேஸ்டபிள் பொடியைக் கொலாய்டல் சிலிக்காவில் குழைத்து அடையுங்கள். சல்லடை வேண்டாம் என்று மேலே சொன்னது முழுச் சுவருக்கு, இது விரிசலுக்கு.

கூட்டில் ஓர் இடத்தில் மட்டும் சாயம் கருகினால், அதன் பின்னால் ஃபைபர் இணைப்பு விலகியிருக்கிறது அல்லது பர்னர் அந்த இடத்தில் நேராகக் குத்துகிறது. முதலில் பர்னரின் சாய்வைத் திருத்துங்கள், பிறகு சுவரை. வாய் விளிம்பு உடைவதற்கு நெருப்பு காரணமில்லை, இடுக்கியும் கம்பியும் இடிப்பதுதான். அங்கே ஒரு கே-26 கல்லை வாசற்படியாகப் போட்டால் அடியை அது வாங்கும்.

கண்ணாடியாகிப் பளபளக்கும் இடத்தின் மேல் புதுக் கேஸ்டபிள் ஒட்டாது. ஆறியபின், கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே உளியால் கண்ணாடி முழுதையும் வெட்டி எடுங்கள். குழியின் ஓரங்களை உள்ளே அகலமாகக் குடைந்தால் புதுப் பூச்சு பிடித்து நிற்கும். ஃபைபர் தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குத் துண்டு வைத்து விறைப்பேற்றிய பிறகே கேஸ்டபிள். சின்னக் குழிதானே என்று உடனே பற்றவைக்க வேண்டாம். கைப்பிடி அளவு ஒட்டுக்கும் அதே 24 மணி ஈரச்சாக்கும், அதே பல்பும், அதே விட்டு விட்டு எரிப்பும் உண்டு. நெடுநாள் கிடப்பில் போட்ட உலையை, முக்கியமாக ஐப்பசி கார்த்திகை தாண்டி எடுக்கும்போது, முதல் சூட்டை இதே மாதிரி மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கேஸ்டபிள் காற்றிலிருந்தே ஈரம் வாங்கி வைத்திருக்கும்.

லைனிங்கையே முழுதாக மாற்றும் நாளில், பிய்ப்பதற்குமுன் உள்ளே தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து ஊறவிடுங்கள். கேஸ்டபிள் துண்டுகளை இடித்து எடுத்தபின் ஃபைபரைச் சுருட்டி, ஈரத்தோடு இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். குப்பைமேட்டில் பரப்புவதோ எரிகிற குப்பையில் போடுவதோ கூடாது. பக்கத்தில் தொழிற்பேட்டை இருந்தால் அங்கே சூளைக் கழிவு எடுக்கும் வண்டியோடு சேர்த்து அனுப்பிவிடலாம்.